உட்கார்ந்து பார்க்க ஒரு கார்

என் மனைவி ஸும்ராத் ஒரு காரில் ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாங்கள் கேட்டது அவ்வளவுதான். வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கதவைத் திறந்து, உட்கார்ந்து, இடுப்பு வலிக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கிவிடுவாள். இதைக் கேட்கப் போய் நான் பட்ட பாட்டைச் சொன்னால், என் கடைக்கு முடி வெட்ட வருகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தலையை ஆட்டாமல் சிரித்தால் போதும், என் கையில் கத்தி இருக்கிறது.

என் பேர் எர்காஷ். தாஷ்கண்டிலிருந்து மலை தாண்டினால் வரும் கோகந்து நகரில் பழைய சந்தைக்குப் பின்னால் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். ஸும்ராத் நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் இசைப்பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு தூதார் கற்றுக்கொடுத்தவள். இருப்பதே இரண்டு தந்தி, அதற்கு ஏழு வருஷப் படிப்பா என்று நான் கேட்பேன். "உங்க கத்தரிக்கோலுக்கும் ரெண்டே கால்தான், நீங்க இன்னும் ஒழுங்காக் கத்துக்கலியே" என்பாள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் பள்ளி வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். இடது இடுப்பு உடைந்து, உள்ளே உலோக மூட்டு வைத்தார்கள். தாழ்வான எதிலும் இனி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தரையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற ஊரில் இது ஒருவகை நாடுகடத்தல். விருந்துக்குப் போனால் எல்லோரும் கீழே இருப்பார்கள், இவள் மட்டும் நாற்காலியில் நீதிபதி போல உட்கார்ந்திருப்பாள்.

என் கார் பழையது, தாழ்ந்தது. அதில் ஏறுவது பள்ளத்தில் இறங்குவதற்குச் சமம். ஊரில் ஓடும் டாக்ஸிகளும் அதே ஜாதிதான். பஸ் படி உயரம், அது நிற்கும் நேரமோ குறைவு. இசைப்பள்ளித் தலைமை ஆசிரியை இரண்டு வருஷம் பொறுத்தார். செப்டம்பர் இரண்டாம் தேதி பள்ளி திறக்கும்போது வரவில்லையென்றால் வகுப்பை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவேன் என்று அப்புறம் சொல்லிவிட்டார். ஸும்ராத் அழவில்லை. தூதாரை உறையிலிருந்து எடுத்தாள், துடைத்தாள், திரும்ப உறையில் போட்டாள். தினமும் அதையே செய்துகொண்டிருந்தாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இப்ப குட்டி எஸ்யூவின்னு ஒண்ணு வருதே, அது சரிப்படும்" என்றார் டாக்டர். "சீட் இடுப்பு உயரத்துல இருக்கும். இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், அப்படியே திரும்பி உட்காரலாம். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி உட்கார்ந்து பாருங்க. ரெண்டு விரல் உயரம் குறைஞ்சாலும் மூட்டு தாங்காது."

உட்கார்ந்து பாருங்க. டாக்டருக்கு என்ன, சொல்லிவிட்டார்.

எங்கள் ஊரில் புதுக் கார் வாங்க ஒரே இடம்தான் உண்டு. அதைக் கார் கடை என்று சொன்னால் வாசல் காவலாளி திருத்துவான். அதற்குப் பேர் 'விருப்ப மாளிகை'. கண்ணாடிச் சுவர், பளிங்குத் தரை, நடுவில் சுழல்கிற மேடை. மேடையின் மேல் ஒரு வெள்ளைக் குட்டி எஸ்யூவி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிலும் சிவப்புப் பட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள்.

தில்னவோஸ் என்ற பெண் எங்களை வரவேற்றாள். கார் விற்பவள் என்று நினைத்துவிட வேண்டாம், முதல்நிலை விருப்ப ஆலோசகர்.

"எந்த நிறம் விருப்பம் அண்ணே?"

"வெள்ளை."

அவள் முகம் வாடிவிட்டது. "வெள்ளைன்னு எடுத்த எடுப்புல சொல்லக் கூடாது அண்ணே. பதினாலு நிறம் வச்சிருக்கோம். எல்லாத்தையும் பார்த்து, நல்லா யோசிச்சு, அப்புறமா வெள்ளை சொல்லணும்."

"வேற நிறம் சொன்னா?"

"வெள்ளை வரும்."

பதினாலையும் பார்த்தோம். ஸும்ராத்துக்கு மாதுளை நிறம் பிடித்திருந்தது. நல்ல தேர்வு என்று தில்னவோஸ் பாராட்டி, வெள்ளை என்று பதிந்துகொண்டாள். அதன் பிறகு ஹார்ன் ஒலி. ஆறு வகை இருந்தன, ஒவ்வொன்றையும் காதில் மாட்டிக் கேட்க வைத்தார்கள். அப்புறம் கதவைத் திறந்தால் காலடியில் விழும் வெளிச்சம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கேள்வி. காலையில் எழுந்ததும் எங்கள் இருவரில் யார் முதலில் பேசுகிறார்கள் என்றும் கேட்டாள். அது காருக்கு எதற்கு என்று நான் கேட்டேன். அது காருக்கு இல்லை, விருப்பத்துக்கு என்றாள்.

"எல்லாம் சரிம்மா. இவ அந்த வண்டில ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கணும்."

"உட்காருறது விற்பனைக்குப் பிந்தின சேவை அண்ணே."

"உட்கார்ந்து பார்க்காம எப்படி வாங்கறது?"

"விருப்பத்தோட வாங்கணும்" என்றாள் அவள், முகத்தில் துளி கேலி இல்லாமல்.

இதற்குள் ஸும்ராத் பட்டுக் கயிறு வரைக்கும் போய்விட்டிருந்தாள். கைத்தடியைத் தரையில் ஊன்றி, தன் இடுப்பு வரும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, சீட் சுற்றி வரும்போதெல்லாம் ஒற்றைக் கண்ணால் குறிபார்த்தாள். "சரியா இருக்கும்போலத்தான் தெரியுது" என்றாள். "ஆனா அது நிக்க மாட்டேங்குது." முன்பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம்.

அடுத்த வாரம் எங்களை அனுபவத் துறைக்கு அனுப்பினார்கள். மாளிகையின் பின்புறம், இருட்டு அறை. அங்கே இருந்த இளைஞன் ஸும்ராத்தின் கண்ணில் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டினான். அதற்குள் கார் தெரியுமாம், உள்ளே உட்கார்ந்தது போலவே இருக்குமாம். உட்காருங்க அக்கா என்று ஒரு முக்காலியைத் தள்ளினான். முக்காலி முழங்கால் உயரம்தான் இருந்தது.

"இதுல அவ உட்கார முடியாதுப்பா. தாழ்வா இருக்கு" என்றேன்.

"அப்ப நின்னுக்கிட்டே உட்காரட்டும் அண்ணே."

அவள் நின்றுகொண்டே உட்கார்ந்தாள். காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பினாள். சுவரில் இருந்த திரையில் எழுத்து ஓடியது: 'வாழ்த்துகள், நீங்கள் வசதியாக அமர்ந்திருக்கிறீர்கள்.' இளைஞன் கைதட்டினான். ஸும்ராத் கண்ணாடியைக் கழற்றி, "கால் கடுக்குது" என்றாள். அதை அவன் பதிந்துகொள்ளவில்லை, திரையில் அதற்கு இடமில்லையாம்.

அதற்கப்புறம் வீட்டுக்கே ஒருவர் வந்தார். தினசரிப் பயணச் சரிபார்ப்பாளர். இந்த வண்டி தினசரிப் பயணத்துக்கானது, ஆகவே எங்கள் பயணம் உண்மையிலேயே தினசரிதானா என்று பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். தட்டு நிறைய சம்சாவும் பச்சைத் தேநீரும் வைத்தோம். கிண்ணத்தை நிரப்பினால் சீக்கிரம் கிளம்பு என்று அர்த்தம், அதனால் மரியாதைக்குக் கொஞ்சம்தான் ஊற்றினேன். மறுபடி மறுபடி நீட்டினார். மரியாதை முழுவதையும் குடித்து முடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"அக்கா தினமும் எங்க போறாங்க?"

"இசைப்பள்ளிக்கு" என்றேன்.

"நேத்து போனாங்களா?"

"இல்ல. ரெண்டு வருஷமாப் போகல. போறதுக்குத்தானே கார் கேக்கறோம்."

"அப்ப தினசரிப் பயணம் இல்ல." அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "பயணம் இருக்கறவங்களுக்குத்தான் வண்டி. இவங்க முதல்ல தினமும் போகட்டும். போய்க் காட்டினாங்கன்னா வண்டி வரும்."

"எதுல போறது?"

"அது உங்க விருப்பம் அண்ணே. அதுல நாங்க தலையிட மாட்டோம்."

போய்க் காட்டினோம். பக்கத்து வீட்டில் தர்பூசணி விற்கும் ஹஸன்பாயிடம் பின்னால் தொட்டி வைத்த மூன்று சக்கர மோட்டார் வண்டி இருந்தது. தொட்டிக்குள் எங்கள் வீட்டு நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டினோம். இரண்டு பேர் பிடித்து அவளைத் தூக்கி வைத்தார்கள். தலைக்குமேல் ஒரு குடை. தர்பூசணிகளுக்கு நடுவில் கவர்னரைப் போல அவள் ஊரைக் கடந்து போனாள். தெருவெல்லாம் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்து வணக்கம் சொன்னது. ஒவ்வொரு குழியிலும் அவள் உதட்டைக் கடித்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். ஒரு வாரம் இப்படிப் போய் வந்து, இரவில் இடுப்பில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம்.

வாரக் கடைசியில் சரிபார்ப்பாளர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். மிகவும் திருப்தி என்றார். "பயணம் தினசரிதான், சந்தேகமே இல்ல. ஆனா அக்காவுக்குத்தான் ஏற்கனவே வண்டி இருக்கே." வாகன வசதி உள்ளவர் என்று பதிந்துகொண்டு, ஒரு தர்பூசணியும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத் தலை சூடாகிவிட்டது. மறுநாள் கடையை அடைத்துவிட்டு நேரே மாளிகையின் இயக்குநரைப் பார்க்கப் போனேன். தோலிப் கமாலோவிச் என்று பேர். பெரிய அறை, பெரிய மேசை, அதன் பின்னால் சிரித்த முகம். யாரோ அவர் பின்கழுத்தில் ஒரு பக்கத்தைக் கூடுதலாக ஏற்றி வெட்டியிருந்தார்கள். எதையாவது நல்லதாகச் சொல்லித் தொடங்குவோமே என்று அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நல்ல கடிகாரம்" என்றேன்.

அவர் உடனே நெஞ்சில் கைவைத்தார். "உங்களுதுதான் அண்ணே, எடுத்துக்குங்க."

"உங்ககிட்டயே நிறைஞ்சிருக்கட்டும்" என்றேன். எங்கள் ஊரில் யார் பொருளைப் புகழ்ந்தாலும் இந்த உபசாரப் பேச்சு நடக்கும். அவர் கடிகாரத்தைக் கழற்றவும் இல்லை, நான் கையை நீட்டவும் இல்லை. அதற்குப் பிறகு விஷயத்தைச் சொன்னேன். ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும், வேறொன்றும் இல்லை என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். சொற்பொழிவு வருகிறது என்று தெரிந்துவிட்டது. என் கடையிலும் சிலர் இப்படித்தான் சாய்வார்கள்.

"அண்ணே, முன்னாடி காலத்துல ஜனங்க கடைக்கு வந்தாங்க, இருந்ததை வாங்கிட்டுப் போனாங்க. என்ன வாழ்க்கை அது? இப்ப விருப்பம் வந்திருக்கு. வண்டி இல்லாட்டியும் விருப்பம் இருக்கு. வண்டியை எவன் வேணும்னாலும் செய்யலாம் அண்ணே, விருப்பத்தை நாங்க மட்டும்தான் செய்யறோம். இப்ப அக்கா உட்கார்ந்து பார்க்கறாங்கன்னு வையுங்க. என்ன ஆகும்? அபிப்பிராயம் வரும். அபிப்பிராயம் வந்தா பிடிக்கலைன்னு சொல்லலாம். பிடிக்கலைன்னா வாங்க மாட்டாங்க. வாங்காதவங்களுக்கு நாங்க எப்படிச் சேவை செய்யறது? போன வருஷம் பூரா இந்த மாளிகை மேல ஒரு புகார் கிடையாது. இந்த வண்டி ஒண்ணுகூட வெளிய போகல, அது வேற விஷயம். ஆனா ஒரு புகார் கிடையாது."

"அந்தக் காட்சி வண்டி சும்மாதானே சுத்துது? ஒரு நிமிஷம் நிறுத்தினா..."

"நிறுத்தினா ஜனங்க பக்கத்துல வந்துடுவாங்க அண்ணே."

வீட்டுக்கு வந்து ஸும்ராத்திடம் சொன்னேன். அவள் தூதாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடிகார விஷயத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"எடுத்துக்குங்கன்னு அவராவே சொன்னாரா?"

"சொல்லுவாங்கதான். யார்தான் சொல்லல?"

"நீங்க ஏன் எடுத்துக்கல?"

"உனக்கென்ன பைத்தியமா?" என்றேன். அவள் தூதாரை உறையில் போட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில், செப்டம்பர் ஒன்றில் வரும் எங்கள் சுதந்திர தினத்துக்கு முதல் நாள், மாளிகையில் விழா வைத்தார்கள். தாஷ்கண்டிலிருந்து மேலதிகாரி வருகிறார், டிவிக்காரர்கள் வருகிறார்கள், முற்றத்தில் பெரிய கடாயில் ஓஷ், அதாவது இறைச்சிச் சோறு, வேகிறது. விழாவில் 'திருப்தியடைந்த வாடிக்கையாளர்' ஒருவரைக் காட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. யாருக்கும் வண்டி போகாததால் திருப்தியடைந்தவர் யாரும் கிடைக்கவில்லை. விழாவுக்கு முந்தின நாள் தில்னவோஸ் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்கா கைத்தடியோடு நடந்து வந்தால் டிவியில் நன்றாக இருக்கும் என்று தோலிப் கமாலோவிச் கருதுகிறாராம்.

"நாளைக்கு நீங்க அந்த வண்டியில உட்காரலாம் அக்கா" என்றாள் பெருமையோடு. "மேடையை நிறுத்தப் போறாங்க. நீங்க உட்காரணும், சிரிக்கணும். வண்டி எப்படி இருக்குன்னு சார் கேப்பாரு. நல்லாருக்குன்னு சொல்லணும். உங்களுதுதான், எடுத்துக்குங்கன்னு சார் சொல்லுவாரு. உங்ககிட்டயே நிறைஞ்சிருக்கட்டும்னு சொல்லிட்டு இறங்கிடணும். எல்லாரும் கைதட்டுவாங்க, ஓஷ் சாப்பிடலாம். ஒத்திகை பார்க்கலாமா?"

"வேண்டாம்மா" என்றாள் ஸும்ராத். "எனக்குத் தெரிஞ்சதுதானே."

மறுநாள் அவள் வகுப்புக்குப் போகும்போது கட்டும் பட்டு உடையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மாளிகை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் வெண்தாடிப் பெரியவர்கள், ஆசி கூற அழைக்கப்பட்டவர்கள், கடாய் இருக்கும் பக்கமாகவே மூக்கைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள். மேலதிகாரி பேசினார், அடுத்து தோலிப் கமாலோவிச் பேசினார், திரும்பவும் மேலதிகாரி பேசினார். பெரியவர்களின் வயிறு பேசுவது எனக்குக் கேட்டது. கடைசியாக மேடை நின்றது. கயிற்றை அவிழ்த்தார்கள். ஸும்ராத் தட்டித் தட்டி நடந்து போய், கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கைப் பக்கமாக முதுகைத் திருப்பி, மெல்லப் பின்னால் சாய்ந்தாள். அவள் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக உட்காரும்போதெல்லாம் கண் ஓரத்தில் விழும் ஒரு சுருக்கம் உண்டு. அது விழவில்லை. கால்கள் இரண்டையும் உள்ளே எடுத்து வைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

தோலிப் கமாலோவிச் ஒலிவாங்கியை நீட்டினார். "அக்கா, வண்டி எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்கு தம்பி."

அவர் நெஞ்சில் கைவைத்து, கேமராவைப் பார்த்துத் தலைகுனிந்தார். "உங்களுதுதான் அக்கா. எடுத்துக்குங்க."

எல்லோரும் அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தோம். கைதட்டக் கைகள் தயாராக இருந்தன. ஸும்ராத் கண்ணாடி வழியே எதிரே பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"எடுத்துக்கிட்டேன்" என்றாள்.

நாற்பத்தைந்து வருஷமாக நான் இந்த ஊரில் வாழ்கிறேன். அந்த இடத்தில் இப்படி ஒரு பதிலை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. கொடுத்தவன் கொடுத்தேன் என்றான், வாங்கியவள் வாங்கினேன் என்றாள், இனி பிரார்த்தனை, அது முடிந்தால் ஓஷ். மூத்தவர் இரண்டு கைகளையும் ஏந்தி, இந்த வண்டி இவளுக்கு நலமாக அமையட்டும் என்று விறுவிறுவென்று ஓதி "ஓமின்" என்றார். அத்தனை பேரும் முகத்தைத் தடவிக்கொண்டோம். மேலதிகாரி தடவிக்கொண்டார். பழக்க தோஷத்தில் தோலிப் கமாலோவிச்சும் தடவிக்கொண்டார். தடவி முடித்துக் கைகளை இறக்கும்போதுதான் அவர் முகம் மாறியது. ஓமின் சொன்ன பிறகு எதுவும் திரும்பாது.

அவர் கார் ஜன்னலில் குனிந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"அக்கா, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றது."

"அப்படியா தம்பி? அதை அந்த டிவிக்காரங்ககிட்ட சொல்லிடுங்க. பெரியவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

"இது காட்சி வண்டி அக்கா."

"எனக்கும் பார்க்க நல்லாத்தான் இருக்கு."

"இறங்குங்க அக்கா, ஓஷ் ஆறிடும்."

"தரையிலதானே போட்டிருக்கீங்க? எனக்கு இங்கயே கொண்டாந்துடுங்க."

மேலதிகாரிக்கு இந்தப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. அவர் மேடையில் கண்கலங்கி நின்றுகொண்டிருந்தார். ஒலிவாங்கியை வாங்கி, "இன்னிக்கு முதல் தடவையா ஒரு வாடிக்கையாளர் கையில வண்டி போய்ச் சேர்ந்திருக்கு" என்று முழங்கினார். "இதை நாம வரலாறா ஆக்கணும். பழக்கமா ஆக்கிடக் கூடாது." இடி இடித்தது போலக் கைதட்டல். முன்பணம் எங்கள் பேரில் ஏற்கனவே இருந்ததால் மீதியைத் தவணையில் கட்டிக்கொள்ளலாம் என்று அங்கேயே அறிவித்துவிட்டார். தோலிப் கமாலோவிச் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோற்றுப்போன மனுஷன் இவ்வளவு அகலமாகச் சிரிக்க மாட்டானே என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வண்டியை மாளிகை ஊழியர்களே தள்ளிக்கொண்டு வந்து எங்கள் முற்றத்தில் விட்டார்கள். விழா வண்டியைத் தள்ளித்தான் கொண்டுவருவார்கள், அது ஒரு மரியாதை போல என்று நினைத்துக்கொண்டேன். அக்கம்பக்கம் எல்லாம் வந்து பார்த்தது. ஹஸன்பாய் முன்மூடியைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான்.

"எர்காஷ் அண்ணே" என்றான். "இங்க ஒரு வாளி இருக்கு."

போய்ப் பார்த்தேன். வாளி இருந்தது, தரை துடைக்கும் துணி இருந்தது, பாதி சோப்புக்கட்டி இருந்தது. என்ஜின் இல்லை. இருந்த தடயமும் இல்லை. சுற்றுவதற்காகவே செய்த வண்டிக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள். மாளிகையைத் துடைக்கிறவள் தன் சாமான்களை வைக்க வேறு இடம் இல்லாமல் இங்கே வைத்திருக்கிறாள்.

விருப்ப மாளிகைக்குப் போன் போட்டேன். தில்னவோஸ் எடுத்தாள்.

"என்ஜின் அடுத்த கட்டம் அண்ணே. அதுக்குத் தனியா விருப்பம் தெரிவிக்கணும். எந்த மாதிரி என்ஜின் விருப்பம்?"

"ஓடற என்ஜின்."

"அப்படின்னு எடுத்த எடுப்புல சொல்லக் கூடாது அண்ணே" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன், இங்கே எழுத முடியாது. ஸும்ராத் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலை இறக்கி, நான் ஓயும்வரைக்கும் காத்திருந்தாள்.

"சீட் இருக்கு, ஸ்டியரிங் இருக்கு, பிரேக் இருக்கு" என்றாள். "இல்லாதது ஒண்ணுதான். அது உங்க கார்ல இருக்கு."

"என் காரா? அது உனக்கு ஆகாதே."

"நான் எங்க அதுல ஏறப் போறேன்?" அவள் கைத்தடியை நீட்டி ஹஸன்பாயின் தொட்டியைக் காட்டினாள். தர்பூசணியைக் கட்டும் தடித்த கயிறு அதில் சுருண்டு கிடந்தது.

செப்டம்பர் இரண்டாம் தேதி காலையில் நாங்கள் புறப்பட்டோம். முன்னால் தாழ்ந்த பழைய காரில் நான். கயிற்றின் மறுமுனையில் புத்தம்புது வெள்ளை எஸ்யூவியில், பட்டு உடையும் பக்கத்து இருக்கையில் தூதாருமாக அவள். என்ஜின் இல்லாத வண்டியில் ஸ்டியரிங் கல்லாய்க் கனக்கும். தூதார் வாசித்த கை, அதற்கு அது பெரிதில்லை. பிரேக்கும் கனமாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு வலது கால் போதும். என் பழைய பேட்டரியை வைத்துக் கட்டியதால் ஹார்ன் வேலை செய்தது. நாங்கள் தேர்ந்தெடுத்த ஒலி இல்லை, வேறு ஏதோ.

போக்குவரத்துப் போலீஸ்காரர் சதுக்கத்தில் மறித்தார்.

"வண்டி பழுதா?"

"இல்ல, புதுசு" என்றேன்.

"பழுதான வண்டியைத்தான் கட்டி இழுக்கலாம். புது வண்டியை இழுக்கக் கூடாது."

பின்னாலிருந்து ஸும்ராத் ஜன்னலை இறக்கினாள். "முன்மூடியைத் திறந்து பாருங்க தம்பி." அவர் போய்த் திறந்து பார்த்தார். உள்ளே நன்றாக எட்டிப் பார்த்தார். மூடிவிட்டு வந்து, நெஞ்சில் கைவைத்து, வழி விட்டார்.

இசைப்பள்ளி வாசலில் அவளுடைய பழைய மாணவிகள் வரிசையாக நின்றிருந்தார்கள். வண்டி நின்றதும் கதவு திறந்தது. அவள் கால்களை வெளியே திருப்பி, யார் கையையும் பிடிக்காமல், நாற்காலியிலிருந்து எழுவதுபோல் எழுந்து நின்றாள். தூதாரை ஒரு பெண் வாங்கிக்கொண்டாள். தலைமை ஆசிரியை கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேட்காமல் விட்டுவிட்டார். நான் காருக்குள்ளேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டேன். கண்ணில் ஏதோ முடி விழுந்துவிட்டது, எங்கள் தொழிலில் அது சகஜம்.

இப்போது தினமும் இப்படித்தான். மாதாமாதம் தவணை கட்டுகிறேன், என்ஜினுக்கான விருப்பம் பரிசீலனையில் இருக்கிறது. டிவியில் எங்கள் வண்டியைக் காட்டி, பெட்ரோலே குடிக்காத கார் என்று மாளிகை விளம்பரம் போடுகிறது. என்ஜின் கோளாறு என்று இதுவரை ஒரு புகாரும் இல்லையாம்.

நேற்று சதுக்கத்தில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பக்கத்தில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. தோலிப் கமாலோவிச். பின்கழுத்தை இன்னும் அதே ஆள்தான் வெட்டுகிறான்.

"வண்டி எப்படி இருக்கு அண்ணே? பார்க்க ஜோரா இருக்கே" என்றார்.

நான் நெஞ்சில் கைவைத்தேன். "உங்களுதுதான், எடுத்துக்குங்க."

அவர் கயிற்றைப் பார்த்தார், பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஸும்ராத்தையும் பார்த்தார். "உங்ககிட்டயே நிறைஞ்சிருக்கட்டும்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஸும்ராத் ஹார்ன் அடித்தாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.